ஸ்டோர் பெஞ்சுக்கு இரும்புச் செருப்பு



நம்ம ஆலயத்தின் பின்பக்க ஸ்டோரில் இருக்கும் பெரிய வேலை பெஞ்சுக்குச் சக்கரம் போட்டாச்சு. போன ரெண்டு வாரமா நிறைய பேர் கேக்குறீங்க. "எதுக்கு இது?", "எவ்வளவு செலவு?", "இதெல்லாம் திருப்பணியில சேருமா?" என்று வாட்சப்பிலும் நேரிலும் கேள்வி வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம்னு நினைச்சேன். மற்ற ஆலயத்துத் தொண்டூழியர்கள் சிலரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாங்க. அவங்க ஸ்டோரிலும் இப்படி ஒரு பெஞ்சு கண்டிப்பா இருக்கும். அதனால செஞ்ச முறையையும் கணக்கோட சொல்றேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல அந்தப் பெஞ்சைப் பத்தி. புதுசா சேர்ந்தவங்களுக்குத் தெரியாது. பழைய ஆலயம் பலகையும் தகரமுமா இருந்த காலத்துல, கூரையைத் தாங்கிய உத்தரங்கள் எல்லாம் செங்கால் மரம். புது ஆலயம் கட்ட அதைப் பிரிச்சப்போ, நல்லா இருந்த மரத்தை வீசக்கூடாதுன்னு நம்ம ஆசாரி ஐயா எடுத்து வெச்சு, தன் கையால செஞ்ச பெஞ்சு அது. ஒரு ஆணி கிடையாது. எல்லாம் துளைபோட்டு, முளை சேர்த்து, ஆப்பு அடிச்ச வேலை. எட்டடி நீளம், ரெண்டரை அடி அகலம், மேல்பலகை ரெண்டு இஞ்சு கனம். கால் நாலும் நாலுக்கு நாலு. ஒரு மூலையில ஆறு இஞ்சு வைஸ்.

இந்தப் பெஞ்சுல நடக்காத வேலை இல்லை. தைப்பூசத்துக்கு முன்னாடி காவடி பிரேம் வளைக்கிறதும் ஒட்டுறதும் இதுல. பல்லக்குத் தண்டு செதுக்குறது, குத்துவிளக்குக்குத் திருகு போடுறது, ஆடி மாசத்துப் பந்தலுக்குக் கம்பி வெட்டுறது, நவராத்திரி கொலுப்படிக்குப் பலகை அறுக்குறது எல்லாம் இதுலதான். கோவில்ல நீங்க கண்ணால பாக்குற அலங்காரத்துல பாதிக்கு மேல இந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் வந்திருக்கும்.

சிக்கல் என்னன்னா, பெஞ்சு ஒரே இடத்துல இருக்க முடியாது. ஸ்டோர் சின்னது, காத்து கிடையாது. வெட்டுறது ஒட்டுறதெல்லாம் வெளியில மண்டபத்துக்குப் பின்னாடிதான் செய்யணும். மழை வந்தா உள்ளே வரணும். காவடி வேலை சூடு பிடிக்கிற நவம்பர், டிசம்பர்லதான் மழையும் வரும்னு உங்களுக்கே தெரியும். மண்டபத்துல கல்யாணம் இருந்தா பின்பக்கம் முழுக்க சமையல்காரங்களுக்கு விட்டுக்கொடுக்கணும். அப்போ பெஞ்சு மறுபடி ஸ்டோருக்கு. வருஷத்துக்கு இருபது தடவைக்குக் குறையாம இந்தப் பெஞ்சு உள்ளே போய் வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் "வாங்கப்பா, ஒரு கை குடுங்க"ன்னு நாலு பேரைத் தேடுறதுதான் பழக்கம்.

நாலு பேர் போதுமா? நான் தொழிற்சாலையில சுப்பர்வைசர். எடையைக் கணக்குப் போடாம எதையும் நகர்த்த எங்க இடத்துல விடமாட்டாங்க. பெஞ்சைத் தராசுல ஏத்த முடியாது, அதனால டேப் பிடிச்சு அளந்தேன். செங்கால் காய்ந்த பிறகும் ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல வரும். நல்ல செங்கால் தண்ணியில மிதக்குமா முங்குமான்னு யோசிக்கிற அளவுக்கு கனம். மேல்பலகை மட்டும் 85 கிலோவைத் தாண்டுது. கால்கள் 30, சட்டங்களும் கீழ்த்தட்டும் ஒரு 35, வைஸ் ஒரு 20. மொத்தம் 170 கிலோ. கீழ்த்தட்டுல சாமான் எதுவும் இல்லாம.

நாலு பேர் தூக்கினா ஆளுக்கு 42 கிலோ. வேலை இடத்துல எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவு, ஒரு ஆம்பளை இடுப்பு உயரத்துல, உடம்போட ஒட்டிப் பிடிச்சுத் தூக்குறதுக்கு 25 கிலோ. குனிஞ்சு தூக்கினாலோ கையை நீட்டிப் பிடிச்சாலோ அதுவும் குறையும். அந்தக் கணக்குப்படி இந்தப் பெஞ்சுக்கு ஏழு பேர் வேணும். ஏழு பேர் சுத்தி நின்னா ஸ்டோர் கதவுல நுழைய முடியாது. இன்னொண்ணு, நாலு பேர் தூக்கும்போது எடை எப்பவும் சமமாப் பிரியாது. தரை மேடு பள்ளமா இருந்தா, ஒருத்தர் கொஞ்சம் தளர்ந்தா, மத்த மூணு பேர் தலையில விழும். வைஸ் இருக்கிற மூலையைப் பிடிக்கிறவர் பாவம்.

அந்த நாலு பேர் யாரு? எல்லாம் என் வயசுக்காரங்க. ஐம்பதுக்கு மேல. ஒருத்தருக்கு முட்டி வலி, ஒருத்தருக்கு சக்கரை, ஒரு அண்ணனுக்கு முதுகுல ஆபரேஷன். டாக்டர் தூக்கவே கூடாதுன்னு சொல்லியும், ஆள் குறையுதுன்னா அவர்தான் முதல்ல வந்து நிப்பாரு. இளைஞர்கள் சனி ஞாயிறு வருவாங்க, அதுவும் பரீட்சை இல்லாதப்போ.

போன வருஷம் நடந்ததை இங்கே பெயர் சொல்லாம எழுதறேன், சம்பந்தப்பட்டவங்க அனுமதியோட. மழை வரப்போகுதுன்னு அவசரமா பெஞ்சை உள்ளே தூக்கியிருக்காங்க. நான் அன்னைக்கு ஷிப்டுல இருந்தேன். வாசல் படி நாலு இஞ்சு உயரம். முன்னாடி தூக்கினவங்க படி ஏறும்போது பின்பக்கம் தாழ்ந்து, பெஞ்சு பக்கவாட்டுல சாஞ்சிருக்கு. பதினேழு வயசு தம்பி ஒருத்தனோட கை, பெஞ்சுக்கும் கதவு நிலைக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. ரெண்டு விரல்ல எலும்பு விட்டுப்போச்சு. வலது கை. எஸ்பிஎம் எழுத வேண்டிய வருஷம்.

முருகன் அருளால விரல் கூடிடுச்சு, பரீட்சையும் எழுதிட்டான். ஆனா அவன் அம்மா அதுக்கப்புறம் அவனைத் தொண்டுக்கு அனுப்பல. நானும் செயலாளரும் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். அந்த அம்மா காபி குடுத்து, மரியாதையாத்தான் பேசினாங்க. "அண்ணே, நான் பிள்ளைய சாமி கும்பிடத்தான் அனுப்புறேன். கைய ஒடைச்சுக்க அனுப்பல"ன்னு சொன்னாங்க. அதுக்கு எங்ககிட்ட பதில் இல்லை. திரும்பி வரும்போது வண்டியில ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல.

அடுத்த செயற்குழுக் கூட்டத்துல, பெஞ்சுக்குச் சக்கரம் போடலாம்னு பேச்சு எடுத்தேன். சுலபமா ஒத்துக்குவாங்கன்னு பாத்தா, மூணு பக்கம் இருந்து தடை வந்துச்சு. மூணுலயும் நியாயம் இருக்கு, அதனால மூணையும் சொல்றேன்.

முதல் தடை, காலை வெட்டக்கூடாது. சக்கரம் போட்டா பெஞ்சு ஆறு இஞ்சு உயரும். அப்போ காலை அறுக்கணும். "அது பழைய கோவில் உத்தரம்யா. சாமி தலைக்கு மேல இருந்த மரம். அதுல ரம்பம் வைக்கிறதா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். அவர் கண்ணு கலங்கினதை எல்லாரும் பாத்தோம். அந்த உத்தரத்தைத் தோள்ல சுமந்து இறக்கினவங்கள்ல அவரும் ஒருத்தர்.

ரெண்டாவது, சக்கரம் போட்டா பெஞ்சு ஆடும். ரம்பம் இழுக்கும்போது பெஞ்சு கூடவே ஓடினா அது பெஞ்சே இல்லை. இதைச் சொன்னவர் நல்ல வெல்டர். அவர் சொன்னது முழு உண்மை.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப யோசனையா இருந்துச்சு. "சேவைன்னா கஷ்டம் இருக்கத்தான் செய்யும். காவடி எடுக்கிறவன் சக்கரம் வெச்சா தள்ளிக்கிட்டுப் போறான்?"

நான் சொன்ன பதில் இதுதான். காவடி எடுக்கிறவர் தானா நேர்ந்துக்கிறாரு. விரதம் இருந்து, உடம்பையும் மனசையும் பழக்கி, குருவைக் கேட்டு எடுக்கிறாரு. கூட ரெண்டு பக்கமும் ஆள் நடக்குது, ஸ்டூல் தூக்கிக்கிட்டு ஒருத்தர் வராரு, தண்ணி ஒருத்தர் வெச்சிருக்காரு. அவர் விழக்கூடாதுன்னு எவ்வளவு ஏற்பாடு! பெஞ்சைத் தூக்குற தம்பி எதுவும் நேர்ந்துக்கல. அவன் விரல் நசுங்கினதுல முருகனுக்கு என்ன காணிக்கை சேர்ந்துச்சு? உடம்பை வருத்துறது நேர்த்தியா இருக்கலாம். அடுத்தவன் உடம்பை நம்ம வசதிக்கு வருத்துறது நேர்த்தி ஆகாது.

சக்கரமும் நம்ம கோவிலுக்குப் புதுசு இல்லையே. தைப்பூசத்துக்கு கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவில்ல இருந்து பத்துமலை வரைக்கும், சுமார் 15 கிலோமீட்டர், சாமியே வெள்ளி ரதத்துலதான் போறாரு. தமிழ்நாட்டுல திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோட 96 அடி உயரம். அந்தத் தேருக்கே இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனத்துக்காரங்க பொருத்திக் கொடுத்திருக்காங்க. பரம்பரைத் தேர் இரும்பை ஏத்துக்கிச்சு, ஓட்டம் பாதுகாப்பாச்சு, பக்தி குறையல.

கூட்டத்துல ஒரே முடிவுதான் எடுத்தோம். ஆசாரி ஐயாவைக் கேப்போம், அவர் சொல்றபடி செய்வோம். அவருக்கு இப்போ 81 வயசு. மகள் வீட்டுல இருக்காரு. நானும் வெல்டர் அண்ணனும் போனோம். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்தப் பையன் விரல் எப்படி இருக்கு?"ன்னு முதல்ல அதைத்தான் கேட்டாரு. அப்புறம் சொன்னாரு: "கால வெட்டாதீங்க தம்பி. அது மரத்துக்காகச் சொல்லல. கால் சட்டத்துக்குக் கீழ வெட்டினா முளை பலம் போயிடும். துளையும் போடாதீங்க. வேற எப்படி வேணும்னாலும் செய்ங்க. ஸ்டோர்ல சும்மா கெடக்கவா நான் அதைச் செஞ்சேன்?"

காலை வெட்டக்கூடாது, மரத்துல துளை போடக்கூடாது, வேலை செய்யும்போது ஆடக்கூடாது. இந்த மூணையும் வெச்சுக்கிட்டு யோசிச்சோம்.

ஒரு பக்கம் மட்டும் ரெண்டு சக்கரம் போட்டு, மறுபக்கத்தைத் தூக்கித் தள்ளுவண்டி மாதிரி உருட்டுற முறை ஒண்ணு இருக்கு. வீட்டுல வெச்சிருக்கிற சின்ன பெஞ்சுக்கு அது ரொம்ப நல்லது, செலவும் குறைவு. ஆனா நம்ம பெஞ்சுல பாதி எடையே 85 கிலோ. ரெண்டு பேர் தூக்கினா மறுபடி ஆளுக்கு 42. பழைய கதைதான். காலால மிதிச்சா சக்கரம் இறங்குற ரெடிமேட் செட்டும் கடையில கிடைக்குது. நாங்க பாத்த செட்டுகள் இந்த எடைக்குத் தாங்காது, அதோட மரத்துல துளை போட்டுத்தான் மாட்டணும்.

கடைசியா முடிவு செஞ்சது, பெஞ்சுக்கு இரும்புச் செருப்பு. பெஞ்சைத் தொடவே வேண்டாம். தனியா ஒரு இரும்புச் சட்டம். நாலு மூலையிலயும் கால் இறங்குற மாதிரி மூணு இஞ்சு உயரத்துல கிண்ணம். சக்கரத்தைக் காலுக்கு அடியில வைக்காம, சட்டத்தோட ரெண்டு முனையிலயும் வெளியே கை மாதிரி நீட்டி, அதுல மாட்டினோம். சக்கரம் காலுக்குப் பக்கத்துல நிக்குறதால உயரம் ஏறல. சட்டம் தரையில இருந்து 20 மில்லிமீட்டர்தான் மேல. தகடு, ரப்பர் எல்லாம் சேர்த்து பெஞ்சு ஒண்ணேகால் இஞ்சுதான் உயர்ந்திருக்கு. முன்னாடி 33 இஞ்சு, இப்போ 34 சொச்சம். நின்னு வேலை செய்ய முன்னைவிட நல்லாவே இருக்கு.

செய்ய நினைக்கிறவங்களுக்காக விவரம் சொல்றேன்.

இரும்பு: ரெண்டு இஞ்சு ஆங்கிள் பார், கறுப்பு இரும்பு. பழைய ஜி.ஐ. பைப் ஸ்டோர்ல கிடந்துச்சு, அதை எடுக்கல. துத்தநாகப் பூச்சு இருக்கிற பைப்பை ஒட்டினா வர்ற புகை குளிர்காய்ச்சல் மாதிரி ஆளைப் படுக்கவெச்சிடும். கறுப்பு இரும்பை ஒட்டி, ரெட் ஆக்சைடு ரெண்டு கோட் அடிச்சோம்.

சக்கரத்தோட தாங்கும் எடை: பெஞ்சு 170, மேல சாமான், வேலைப் பொருள் எல்லாம் சேர்த்து 250 கிலோன்னு வெச்சுக்கிட்டோம். இதை நாலால வகுக்கக் கூடாது, மூணால வகுக்கணும். தரை சமமா இல்லாத இடத்துல ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்கும், மூணு சக்கரம்தான் சுமக்கும். 250ஐ மூணால வகுத்தா 83. அதனால ஒவ்வொண்ணும் 150 கிலோ தாங்குறதா வாங்கினோம். கடைக்காரர் நாலால வகுத்துச் சொல்வாரு, ஏமாறாதீங்க.

அளவு: அஞ்சு இஞ்சு சக்கரம். ரெண்டு இஞ்சு சக்கரம் விலை குறைவு, ஆனா தண்ணி போற சாக்கடை மூடி இடுக்குல மாட்டி டக்குன்னு நின்னுடும். 170 கிலோ டக்குன்னு நின்னா மேல இருக்கிறது எல்லாம் முன்னால பறக்கும்.

சக்கரத்து மேல்பாகம்: நைலான் உருளுறது சுலபம், ஆனா கோவில் டைல்ஸ்ல கடகடன்னு சத்தம், பூஜை நேரத்துல நினைச்சே பாக்க முடியாது. சாதா ரப்பர் அமைதியா இருக்கும், ஆனா மாசக்கணக்குல ஒரே இடத்துல கனத்தோட நின்னா ஒரு பக்கம் தட்டையாயிடும். நாங்க வாங்கினது பாலியூரித்தேன், கடையில பி.யூ.ன்னு கேட்டா குடுப்பாங்க. சத்தம் இல்லை, தரையில கோடு போடாது.

திரும்பும் விதம்: ஒரு முனையில ரெண்டு நேர்ச்சக்கரம், மறு முனையில ரெண்டு சுழல் சக்கரம் பிரேக்கோட. நாலும் சுழல்றதா போட்டா எந்தப் பக்கமும் போகும், ஆனா சரிவுல நேரா போகாம இழுத்துக்கிட்டு ஓடும். சுழல் சக்கரம் இருக்கிற பக்கம் ஆள் நின்னு தள்ளினா, ஃபோர்க்லிஃப்ட் மாதிரி பின்பக்கத்தால திருப்பலாம். கைப்பிடியை சட்டத்துக்கு உள்பக்கமா வெச்சிருக்கோம், கதவு நிலையில விரல் நசுங்காம இருக்க. இதுக்குத்தானே இவ்வளவும்.

இனி ஆடாம இருக்கிற வழி. பிரேக்கை மட்டும் நம்பினா போதாது. பிரேக் போட்ட சக்கரமும் தன் அச்சுல கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதனால நாலு மூலையிலயும் பெரிய நட்டை ஒட்டி, 16 மில்லிமீட்டர் போல்ட்டை ஸ்க்ரூ ஜாக்கி மாதிரி இறக்கினோம். கீழ வட்டத் தகடு, மேல கையால திருக ஒரு குறுக்குக் கம்பி. அந்த போல்ட்டுக்கு ஒரு சுற்றுக்கு ரெண்டு மில்லிமீட்டர் இறங்கும். ஆறேழு சுற்று சுத்தினா தகடு தரையைத் தொட்டு, சக்கரம் லேசா மேல எழும்பிடும். அப்புறம் பெஞ்சு சக்கரத்துல நிக்கல, நாலு இரும்புக் கால்ல நிக்குது. தரை சரியா இல்லைன்னா ஒரு மூலையைக் கூடுதலா திருகி மட்டம் பாத்துக்கலாம். வெல்டர் அண்ணன் வைஸ்ல இரும்பு பிடிச்சு, முழு பலத்தோட அறுத்துப் பாத்தாரு. அசையல. "சரி, ஒத்துக்கிறேன்"னாரு.

ஒரு எச்சரிக்கை. ஸ்க்ரூவை ஏத்தாம தள்ளினா, அது எங்கேயாவது தட்டி பெஞ்சு கவிழும். அதனால போல்ட்டோட மேல்பாகத்துல மஞ்சள் பெயிண்ட் அடிச்சிருக்கோம். ஸ்க்ரூ முழுசா ஏறியிருந்தாதான் மஞ்சள் பட்டை தெரியும். நாலு மூலையிலயும் மஞ்சள் தெரிஞ்சா மட்டும் தள்ளுங்க. தேவார வகுப்புப் பிள்ளைக்கும் இது புரியும்.

அடுத்தது வாசல் படி. நாலு இஞ்சு படியில சக்கரம் ஏறாது. சிமெண்ட்ல சரிவு போட்டோம். ஒண்ணுக்குப் பன்னிரண்டு கணக்கு, அதாவது நாலு இஞ்சு உயரத்துக்கு நாலடி நீளம். அந்தச் சரிவுல பெஞ்சை ஏத்த ரெண்டு பேர் தள்ளினா தாராளம். இறக்கும்போதுதான் கவனம். கீழ்ப்பக்கம் யாரும் நிக்கவே கூடாது. மேல்பக்கம் ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டு இறக்கணும், பக்கத்துல ஒருத்தர் கட்டையோட நடக்கணும். தேருக்கு முட்டுக்கட்டை போடுறவங்களைப் பாத்திருப்பீங்க. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவாங்க, தேரை நிறுத்துறது அந்தக் கட்டை பிடிச்சவங்க கையிலதான் இருக்கு. நம்ம ஸ்டோர் கதவுக்குப் பின்னாடி ரெண்டு முட்டுக்கட்டை கயித்துல கட்டித் தொங்குது. அதை வேற வேலைக்கு எடுத்துக்கிட்டுப் போகாதீங்க.

மொத்தச் செலவு 397 வெள்ளி. சக்கரம் 152, இரும்பு 110, போல்ட், நட், பெயிண்ட் 60, சிமெண்ட்டும் மணலும் 75. கூலி கிடையாது. ஒரு குடும்பம் உபயமா குடுத்துட்டாங்க, பெயர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. உண்டியல் பணம் ஒரு காசு எடுக்கல. கணக்கு அறிவிப்புப் பலகையில இருக்கு.

ஆசாரி ஐயாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கிட்டு வந்தோம். பெஞ்சைச் சட்டத்துல இறக்கும் வேலை அவர் முன்னாடிதான் நடந்தது. அன்னைக்கு எட்டு பேர் தூக்கினோம், அதுதான் கடைசித் தூக்கு. கிண்ணத்துக்கும் காலுக்கும் நடுவுல இருந்த இடைவெளிக்கு அவரே ஆப்பு சீவிக் கொடுத்தாரு. கை நடுங்குச்சு, ஆனா ஆப்பு கச்சிதமா இறங்குச்சு. அப்புறம் கால் அடியை விரலால தடவிப் பாத்து ஒண்ணு சொன்னாரு. இத்தனை வருஷம் ஸ்டோர் கழுவுற தண்ணியில நின்னு, காலோட அடிப்பாகம் மெத்துப்போக ஆரம்பிச்சிருந்துச்சாம். இனி ஈரம் படாது, கறையானும் ஏறாது. "செருப்பு போட்டது நல்லதாப் போச்சு"ன்னாரு. கூட்டத்துல கண் கலங்கின பெரியவரும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தாரு.

இந்தத் தைப்பூச வேலையில பெஞ்சு ஒன்பது தடவை உள்ளே வெளியே போய் வந்துச்சு. எல்லாத்தடவையும் ரெண்டு பேர் தள்ள, ஒருத்தர் கட்டை பிடிக்க. யாரையும் கூப்பிட்டுக் காத்திருக்கல. முதுகு ஆபரேஷன் செஞ்ச அண்ணன் இப்போ முட்டுக்கட்டை பிடிக்கிறவர். "என்னால தூக்க முடியல, வந்து என்ன பிரயோஜனம்"னு ஒதுங்கப் பாத்தவர், இப்போ அவர் கை தட்டினாதான் பெஞ்சு நகரும்.

அந்தத் தம்பியோட அம்மாவை வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்தப்போ பின்பக்கம் கூட்டிப்போய்க் காமிச்சேன். கைப்பிடி, ஸ்க்ரூ, சரிவு எல்லாம் பொறுமையா பாத்தாங்க. கதவு நிலையையும் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னாங்க. பதில் ஒண்ணும் சொல்லல. ரெண்டு வாரம் கழிச்சு, கோத்தோங் ரோயோங் அன்னைக்கு பையன் வந்தான். "அங்கிள், அம்மா பெஞ்சுப் பக்கம் போகலாம்னு சொன்னாங்க. கிரைண்டர் மட்டும் தொடக்கூடாதாம்"னான். சரின்னு சொல்லிட்டேன். தாய் போட்ட கட்டளை, மீற மாட்டோம். பெயிண்ட் அடிக்கிறான்.

இன்னொரு விஷயம், நாங்க எதிர்பாக்காதது. பெஞ்சுக்காகப் போட்ட சரிவுல இப்போ வீல்சேர்ல வர்ற ரெண்டு பெரியவங்க மண்டபத்துக்குப் போறாங்க. முன்னாடி பேரப்பிள்ளைங்க வீல்சேரோட தூக்கி வைப்பாங்க. அதையும் இத்தனை நாள் நாம பாத்துக்கிட்டேதான் இருந்தோம். அடுத்த மாசம் சரிவுக்கு ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி போடலாம்னு செயற்குழுவுல பேசியிருக்கோம்.

தொண்டூழியர்களுக்குச் சில வேண்டுகோள்:

பெஞ்சைத் தள்ளுங்க, இழுக்காதீங்க. இழுத்தா உங்க கால் மேலயே ஏறும்.

நகர்த்தும் முன்னாடி மேல இருக்கிற சாமானை எடுத்துடுங்க. வைஸ் வாயை மூடிடுங்க.

பிள்ளைகளை மேல உக்காரவெச்சு ஓட்டாதீங்க. ரெண்டு பேர் ஓட்டினதைப் பாத்தேன், பிள்ளைகள் இல்லை, பெரியவங்க! வேலை முடிஞ்சதும் ஸ்க்ரூவை இறக்கி வெச்சிடுங்க, அப்போ யாரும் உருட்ட முடியாது.

மாசம் ஒரு தடவை சக்கரத்து அச்சைப் பாருங்க. மாலை நாரும் வாழைநாரும் தேங்காய் நாரும் அதுல சுத்திக்கிட்டு இறுகிடும். கோவில் சக்கரத்துக்கு உள்ள தனி வியாதி இது. கத்தியால வெட்டி எடுத்துட்டு, ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. விளக்கெண்ணெய் வேண்டாம், பிசின் மாதிரி ஆயிடும். கிரீஸ் டப்பா ஸ்டோர்ல இருக்கு.

மற்ற ஆலயத்து அன்பர்களே, உங்க ஸ்டோரை ஒரு தடவை சுத்திப் பாருங்க. "நாலு பேர் வாங்கப்பா"ன்னு கூப்பிட்டுத் தூக்குற பொருள் எது இருக்குன்னு பாருங்க. பெரிய அண்டாவா இருக்கலாம், ஜெனரேட்டரா இருக்கலாம், சாப்பாட்டு மேசை அடுக்கா இருக்கலாம். அளந்து எடையைக் கணக்குப் போட்டு, ஆளுக்கு எவ்வளவு வருதுன்னு பாருங்க. 25 கிலோவுக்கு மேல வந்தா, யார் கையாவது மாட்டுறதுக்கு முன்னாடி ஏதாவது செய்ங்க. சட்டத்தோட படம் வேணும்னா ஆலயத்துக்கு வந்து கேளுங்க, அளவோட வரைஞ்சு தர்றேன்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு கோத்தோங் ரோயோங் இருக்கு. பந்தல் கம்பிகளுக்குத் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கணும். பசியாற இட்லியும் சாம்பாரும் உண்டு. பெஞ்சைத் தூக்க ஆள் வேண்டாம், பிரஷ் பிடிக்க ஆள் வேணும். அம்மாமார்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வரலாம்.

எல்லாம் முருகன் செயல். ஓம் சரவணபவ.